தங்கப் பதக்கமும் ஹானர் சொசைட்டியும்: அமெரிக்க ரெசிடென்சிக்கு எது கை கொடுக்கும்?

வாசகர் கேள்வி – பதில்

எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு அமெரிக்காவில் ரெசிடென்சி செய்ய, அதாவது நம்மூர் பி.ஜி.க்கு நிகரான பயிற்சியில் சேர, முயற்சி செய்யும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் குமரி மாவட்டத்திலிருந்து அனுப்பிய கேள்விகள் இந்த இதழில். பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வந்தன: அங்குள்ள மருத்துவ மாணவர்களின் ‘ஹானர் சொசைட்டி’. ஒரே மாதிரி இருந்த கடிதங்களைச் சேர்த்து, மருத்துவக் கல்வி ஆலோசனைக் குழுவினர் பதில் எழுதியிருக்கிறார்கள்.

என் மகள் எம்.பி.பி.எஸ். இறுதியாண்டு. இரண்டு பாடங்களில் தங்கப் பதக்கம் வாங்கியவள். டெக்சாஸில் இருக்கும் என் மைத்துனர், “ஏ.ஓ.ஏ. இல்லையென்றால் நல்ல இடத்தில் ரெசிடென்சி கிடைப்பது கஷ்டம்” என்கிறார். அது என்ன? அவள் அதில் எப்படிச் சேருவது?
– ஒரு தந்தை, நாகர்கோவில்

முதலில் மனதை ஆற்றிக்கொள்ளுங்கள். உங்கள் மகளால் அதில் இப்போது சேர முடியாது; சேராததால் அவளுக்கு நஷ்டமும் இல்லை. உங்கள் மைத்துனர் சொல்வது அமெரிக்காவிலேயே எம்.டி. (அங்கே அது நம் எம்.பி.பி.எஸ். போன்ற அடிப்படைப் பட்டம்) படிக்கும் மாணவர்களுக்கு ஓரளவு பொருந்தும். நம் பிள்ளைகளின் கணக்கு வேறு.

ஏ.ஓ.ஏ. என்றால் ஆல்ஃபா ஒமேகா ஆல்ஃபா. 1902-ல் சிகாகோவில் வில்லியம் ரூட் என்ற மருத்துவ மாணவர் தொடங்கிய அமைப்பு. அமெரிக்க எம்.டி. கல்லூரிகளில் பெரும்பாலானவற்றில் இதற்குக் கிளை உண்டு. நெடுங்காலமாக இருந்த வழக்கம் இது: வகுப்பில் மதிப்பெண்படி முதல் கால்வாசிக்குள் வருபவர்களின் பெயர் மட்டும் பரிசீலனைக்குப் போகும், அவர்களுடைய தலைமைப் பண்பு, ஆராய்ச்சி, சேவை, நடத்தை எல்லாம் பார்த்து, மொத்த வகுப்பில் ஆறில் ஒரு பங்கு வரை தேர்ந்தெடுப்பார்கள். 120 பேர் படிக்கும் வகுப்பு என்றால் 30 பேர் பார்வைக்கு வருவார்கள், 20 பேர் உள்ளே போவார்கள். அண்மை ஆண்டுகளில் இந்த மதிப்பெண் வரம்பைத் தளர்த்தியிருக்கிறார்கள். ஆனால் அடிப்படை மாறவில்லை. படிக்கும் கல்லூரியில் உள்ள கிளை தேர்ந்தெடுத்தால்தான் உறுப்பினர் ஆகலாம். இந்தியக் கல்லூரிகளில் கிளை கிடையாது.

இந்தப் பெயர் விண்ணப்பத்தில் எந்த இடத்தில் வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் உங்கள் கவலை பாதி தீரும். ரெசிடென்சி தேர்வு மூன்று படிகளில் நடக்கிறது. முதல் படி, சலிப்பது. ஈராஸ் என்ற பொது விண்ணப்பத் தளத்தின் வழியாக ஒரு மருத்துவமனையின் பொதுமருத்துவத் துறைக்கு ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் வந்து குவியும். எல்லாவற்றையும் ஒருவர் உட்கார்ந்து படிக்க முடியாது என்பதால் கம்ப்யூட்டரில் சல்லடை போடுவார்கள். மதிப்பெண், படிப்பு முடித்த ஆண்டு, விசா, ஏ.ஓ.ஏ. உறுப்பினரா இல்லையா என்று பலவகை சல்லடைகள் அதில் உண்டு. இரண்டாவது படி, நேர்காணல். மூன்றாவது, பட்டியல்: துறை தனக்குப் பிடித்த விண்ணப்பதாரர்களை வரிசைப்படுத்தும், விண்ணப்பதாரர் தனக்குப் பிடித்த துறைகளை வரிசைப்படுத்துவார், 1952-லிருந்து நடந்துவரும் ‘மேட்ச்’ முறை இரண்டு பட்டியலையும் பொருத்தும். ஏ.ஓ.ஏ.வுக்குப் பலம் இருப்பது பெரும்பாலும் முதல் படியில்தான். நேர்காணலில் உட்கார்ந்த பிறகு அதன் எடை குறைந்துவிடும். பொருத்தும் கணக்கில் அதற்கு இடமே கிடையாது, அங்கே இருப்பது இரண்டு பட்டியல்கள் மட்டும்.

வெளிநாட்டில் படித்தவர்களை ஒரு துறை சலிக்கும்போது பார்ப்பது வேறு. யு.எஸ்.எம்.எல்.இ. என்ற அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் இரண்டாம் கட்டமான ஸ்டெப் 2 சி.கே.யில் மதிப்பெண் எவ்வளவு, ஏதாவது ஸ்டெப்பில் தோல்வி உண்டா, பட்டம் வாங்கி எத்தனை வருடம், அமெரிக்க மருத்துவமனையில் வேலை பார்த்த அனுபவம் உண்டா, அங்குள்ள மருத்துவர்களிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கியிருக்கிறாரா, எந்த விசா வேண்டும். ஏ.ஓ.ஏ. சல்லடை போடும் துறை, நம் பிள்ளைகளின் விண்ணப்பத்தை வேறு சல்லடையில் போட்டுத்தான் பார்க்கும். இல்லாத கிளையில் உறுப்பினராக இல்லை என்று யாரும் கழிக்க மாட்டார்கள்.

ஒரு சின்ன விஷயத்தை மட்டும் மகளிடம் சொல்லிவையுங்கள். விண்ணப்பத்தில் இந்தச் சங்கங்களைப் பற்றிய கேள்விக்கு ‘என் கல்லூரியில் கிளை இல்லை’ என்று ஒரு விடை இருக்கும். அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘இல்லை’ என்று மட்டும் குறித்தால், கிளை இருந்தும் தேர்வாகவில்லை என்று படிப்பவர் நினைக்க இடமுண்டு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு கிளிக்தான்.

‘சர்வதேச மருத்துவ மாணவர் கௌரவச் சங்கத்தில் உறுப்பினராக நீங்கள் தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள்’ என்று எனக்கு மெயில் வந்தது. கட்டணம் டாலரில். சான்றிதழ், பேட்ஜ், பரிந்துரைக் கடிதம் எல்லாம் தருவார்களாம். என் ரூம்மேட்டுக்கும் வந்திருக்கிறது. சேரலாமா?
– மூன்றாம் ஆண்டு மாணவர், குலசேகரம்

வேண்டாம் தம்பி. அந்தப் பணம் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

ஒரு கௌரவம் உண்மையானதா என்று பார்க்க நான்கு கேள்விகள் போதும். உங்களை யார் முன்மொழிந்தார், அவருக்கு உங்களை நேரில் தெரியுமா? எத்தனை பேரிலிருந்து எத்தனை பேரைத் தேர்ந்தெடுத்தார்கள்? எந்த அளவுகோலில்? பணம் கட்டாவிட்டால் அந்தக் கௌரவம் என்ன ஆகும்? உங்கள் மெயிலில் முதல் மூன்றுக்கும் விடை இருக்காது. நான்காவதற்கு விடை, கெடு தேதியோடு, தெளிவாக எழுதியிருக்கும். உங்கள் ரூம்மேட்டுக்கும் அதே நாளில் அதே வாசகத்தில் வந்திருப்பதைக் கவனியுங்கள். (ஏ.ஓ.ஏ. போன்றவற்றிலும் தேர்வானபின் உறுப்பினர் கட்டணம் உண்டு. அங்கே தேர்வு முன்னால், பணம் பின்னால்.)

“சும்மா ஒரு வரி கூடட்டுமே, என்ன கெடுதல்” என்று நினைக்கலாம். கெடுதல் இருக்கிறது. விண்ணப்பத்தில் உள்ள எந்த வரியைப் பற்றியும் நேர்காணலில் கேட்கலாம். “இதில் உங்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்?” என்று ஒருவர் இயல்பாகக் கேட்பார். “மெயில் வந்தது, பணம் கட்டினேன்” என்பதுதான் உண்மையான பதில். அதைச் சொன்ன நிமிடத்திலிருந்து, நீங்கள் உழைத்து வாங்கிய மற்ற வரிகளையும் அவர் சந்தேகத்தோடு பார்ப்பார். பொய்யான பதில் சொன்னாலோ நிலைமை இன்னும் மோசம். விண்ணப்பத்தில் தவறான தகவல் தந்ததாக நிரூபணமானால், வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்குச் சான்றளிக்கும் ஈ.சி.எஃப்.எம்.ஜி. அதை ‘முறையற்ற நடத்தை’ என்று உங்கள் கோப்பில் பதிவு செய்யும். அந்தப் பதிவு நீங்கள் போகும் இடமெல்லாம் கூடவே வரும்.

அவர்கள் தருவதாகச் சொல்லும் பரிந்துரைக் கடிதத்தைத் தொடவே தொடாதீர்கள். உங்களை நோயாளிப் படுக்கையருகே பார்க்காதவர் எழுதும் கடிதம், நான்கு வரி படித்ததும் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு துறைக்கு நான்கு கடிதங்கள்தான் அனுப்ப முடியும். அதில் ஒன்றை இப்படி வீணடிக்கலாமா?

என் அக்கா மகன் அமெரிக்காவிலேயே பிறந்து, அங்கேயே மருத்துவம் படிக்கிறான். நான்காம் ஆண்டு. ஏ.ஓ.ஏ.வில் அவன் பெயர் வரவில்லை என்று வீடே சோகமாக இருக்கிறது. எலும்பு மருத்துவம் எடுக்க ஆசைப்படுகிறான். உண்மையிலேயே இது அவ்வளவு பெரிய அடியா?
– ஒரு சித்தி, மார்த்தாண்டம்

அவன் விஷயத்தில் கேள்வி நியாயமானது. எலும்பு மருத்துவம், தோல், பிளாஸ்டிக் சர்ஜரி, காது மூக்கு தொண்டை போன்ற போட்டி கடுமையான துறைகளில் இடம் பிடிப்பவர்களில் ஏ.ஓ.ஏ. உறுப்பினர்கள் அதிகம். குடும்ப மருத்துவம், குழந்தை மருத்துவம், மனநலம் போன்றவற்றில் அந்த அளவு இல்லை.

ஆனால் உறுப்பினர்கள் அதிகமாக இருப்பதற்குச் சங்கம்தான் காரணமா என்று யோசித்துப் பாருங்கள். நல்ல மதிப்பெண், நல்ல வார்டு மதிப்பீடு, ஆராய்ச்சிக் கட்டுரை எல்லாம் இருப்பவரைத்தான் அந்தச் சங்கம் எடுக்கிறது. அதே தகுதிகளைப் பார்த்துத்தான் துறைகளும் எடுக்கின்றன. வாட்டசாட்டமான காளைக்கு மணி கட்டினால், அது ஓடுவது மணியால் என்று சொல்ல முடியாது. மணிச் சத்தம் தூரத்திலிருந்தே கேட்கும், அதுதான் அதனால் கிடைக்கும் லாபம். முன்பு ஸ்டெப் 1 மதிப்பெண்ணும் அப்படித் தூரத்திலிருந்தே கேட்டது. 2022 ஜனவரி 26-லிருந்து அதற்கு எண் கிடையாது, பாஸ் அல்லது ஃபெயில் மட்டும். அதனால் சில துறைகளில் மீதமிருக்கும் அடையாளங்களுக்கு, ஏ.ஓ.ஏ. உட்பட, எடை கூடியது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இந்தத் தேர்வே நியாயமாக நடக்கிறதா என்ற கேள்வியும் அங்கே பலமாக எழுந்திருக்கிறது. 2014-15 பருவத்தில் யேல் பல்கலைக்கழகத்தின் 12 ரெசிடென்சி துறைகளுக்கு விண்ணப்பித்த, 123 கல்லூரிகளைச் சேர்ந்த 4,655 அமெரிக்க மாணவர்களின் விண்ணப்பங்களை ஆராய்ந்து 2017-ல் ஒரு கட்டுரை வந்தது. ஸ்டெப் 1 மதிப்பெண், ஆராய்ச்சி, சேவை, தலைமைப் பொறுப்பு போன்றவற்றைச் சமன்படுத்திப் பார்த்த பிறகும், வெள்ளையின மாணவர்களோடு ஒப்பிட்டால் கறுப்பின மாணவர்கள் ஏ.ஓ.ஏ. உறுப்பினராக இருப்பதற்கான வாய்ப்பு விகிதம் ஆறில் ஒரு பங்குதான். ஆசிய மாணவர்களுக்கு ஏறத்தாழ பாதி. உங்கள் அக்கா மகனைப் போன்ற இந்திய வம்சாவளிப் பிள்ளைகளும் அந்தக் கணக்குக்குள் வருகிறார்கள். அதற்கடுத்த ஆண்டு, 2018-ல், நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவக் கல்லூரி மாணவர்களை ஏ.ஓ.ஏ.வுக்குத் தேர்ந்தெடுப்பதை நிறுத்தி வைத்தது. பிறகு வேறு சில கல்லூரிகளும் அதே வழியில் போயின. எங்கள் குழுவின் கருத்தையும் சொல்லிவிடுகிறோம்: சமமான திறமை உள்ள இருவரில் ஒருவருக்கு மட்டும் மணி கட்டி அனுப்பும் ஏற்பாடு, கட்டப்படாதவருக்குச் செய்யும் அநீதி. துறைகள் அந்தச் சல்லடையைக் கைவிடுவதே நல்லது.

இனி அவன் செய்ய வேண்டியது. எலும்பு மருத்துவத்தில் ‘சப்-ஐ’ எனப்படும் வெளிக் கல்லூரிப் பயிற்சிக்கு மற்ற துறைகளைவிட மதிப்பு அதிகம். ஒரு மாதம் தங்களோடு ஆபரேஷன் தியேட்டரில் நின்ற பையனை எடுக்கலாமா என்று அவர்கள் முடிவு செய்ய ஏ.ஓ.ஏ. தேவைப்படாது. அங்கிருந்து வரும் கடிதங்களில் அவன் கவனம் இருக்கட்டும். பாதுகாப்புக்காக இரண்டாவது ஒரு துறைக்கும் விண்ணப்பிப்பதா என்பதை இப்போதே தன் கல்லூரி ஆலோசகரிடம் உட்கார்ந்து பேசட்டும், பட்டியல் கொடுக்கும் நேரமான பிப்ரவரியில் யோசித்துப் பலனில்லை.

இன்னொரு சங்கமும் இருக்கிறது. கோல்டு ஹியூமனிசம் ஹானர் சொசைட்டி, 2002-ல் தொடங்கியது. அதில் கூடப் படிப்பவர்களின் வாக்குதான் அடிப்படை. உன் வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லையென்றால் வகுப்பில் யாரை டாக்டராகக் கூப்பிடுவாய் என்ற தினுசில் கேள்விகள் இருக்கும். அதில் பெயர் வந்திருந்தால் விண்ணப்பத்தில் கட்டாயம் காட்டச் சொல்லுங்கள். நேர்காணலில் பேச நல்ல வாசல் அது.

ஹவுஸ் சர்ஜன் முடிக்கப் போகிறேன். மொத்தம் 68 விழுக்காடு. ஃபார்மகாலஜியில் டிஸ்டிங்ஷன், சமூக மருத்துவத்தில் கல்லூரி அளவில் பரிசு. கடற்கரை ஊர்களில் சர்க்கரை நோய் முகாம்கள் நடத்தியிருக்கிறோம். ஹானர் சொசைட்டி இல்லாத இடத்தில் இவற்றை எப்படி எழுதினால் அமெரிக்காவில் புரியும்?
– ஆசாரிப்பள்ளம்

இந்த இதழுக்கு வந்ததிலேயே பயனுள்ள கேள்வி உங்களுடையதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

நெய்யூர் ஆஸ்பத்திரி என்றால் நமக்கு விளக்கம் வேண்டாம். 1838-ல் தொடங்கிய மிஷன் வைத்தியம், 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் பயணம் போன டாக்டர் சோமர்வெல் வந்து கத்தி பிடித்த இடம். அயோவாவில் உட்கார்ந்திருக்கும் பேராசிரியருக்கு அது வெறும் ஒரு சொல். ஏ.ஓ.ஏ. என்ற மூன்று எழுத்து நம் ஊரில் யாருக்கும் ஒன்றும் சொல்லாததைப் போலத்தான். ஆகவே பெயரை எழுதாதீர்கள், பெயருக்குப் பின்னால் இருக்கும் அளவை எழுதுங்கள்.

முதலில் அந்த 68. நம் பல்கலைக்கழகத்தில் 50 பாஸ், 75 டிஸ்டிங்ஷன். அமெரிக்கக் கல்லூரி வழக்கத்தில் பழகியவர் கண்ணுக்கு 75 என்பது சுமாரான மாணவன், 68 என்பது தேறுவதே சந்தேகம். இந்தத் தவறான எண்ணத்தை மாற்ற வேண்டிய இடம் உங்கள் தன்குறிப்பு கட்டுரை இல்லை. டீன் கையெழுத்திடும் எம்.எஸ்.பி.ஈ. என்ற மதிப்பீட்டுக் கடிதத்தில் அது இருக்க வேண்டும். பாஸ் மதிப்பெண் என்ன, டிஸ்டிங்ஷன் என்ன, உங்கள் பேட்ச் எத்தனை பேர், எந்த மதிப்பெண் வரம்புக்குள் எத்தனை பேர் என்று ஒரு சிறு அட்டவணையைச் சேர்க்கும்படி டீன் அலுவலகத்தில் கேளுங்கள். அமெரிக்கக் கல்லூரிகளின் எம்.எஸ்.பி.ஈ.யில் இப்படிப்பட்ட ஒப்பீடு இருப்பது வழக்கம், படிப்பவர் அதைத் தேடுவார். அதே கடிதத்தில் ‘குறிப்பிடத்தக்க பண்புகள்’ என்ற தலைப்பில் மூன்று குறிப்புகள் வரும். அந்த மூன்றுக்குமான விவரங்களை ஒரு தாளில் எழுதி, சான்று நகலோடு நீங்களே கொடுங்கள். நூற்றுக்கணக்கான மாணவர்களைப் பார்க்கும் அலுவலகம், உங்கள் முகாமை நினைவில் வைத்திருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அடுத்து டிஸ்டிங்ஷன். நம் பிள்ளைகள் பெரும்பாலும் எழுதுவது: ‘ஃபார்மகாலஜியில் டிஸ்டிங்ஷன்’. இப்படி மாற்றுங்கள்: ‘ஃபார்மகாலஜி பல்கலைக்கழகத் தேர்வில் டிஸ்டிங்ஷன், 75 விழுக்காடும் அதற்கு மேலும், 150 பேர் கொண்ட வகுப்பில் இதைப் பெற்றவர்கள் 11 பேர், ஆண்டு இது’. 150-ம் 11-ம் உதாரணத்துக்குத்தான், உங்கள் பேட்ச்சின் உண்மையான எண்ணை அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். தங்கப் பதக்கத்துக்கும் இதே முறை: கொடுத்தது கல்லூரியா பல்கலைக்கழகமா, எத்தனை பேரில் ஒருவர், எதை வைத்து. ‘கோல்டு மெடலிஸ்ட்’ என்று தலைப்பில் போட்டுக்கொள்வதால் பயன் இல்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனிப் பதக்கம் கொடுக்கும் நம் வழக்கம் அவர்களுக்குத் தெரியாது. பதக்கம் பட்டமளிப்பு விழாவில்தான் கைக்கு வரும் என்றால், தேர்வானதை உறுதிசெய்து டீனிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொண்ட பிறகே அந்த வரியை எழுதுங்கள்.

முகாம். இதுதான் உங்கள் விண்ணப்பத்தின் உயிர். ஈராஸில் இப்போது பத்து அனுபவங்களுக்கு மேல் எழுத முடியாது. ஒவ்வொன்றின் விளக்கமும் இடைவெளி உட்பட 750 எழுத்துகளுக்குள். பத்தில் மூன்றை ‘மிக முக்கியமானவை’ என்று குறித்து, ஏன் என்று தலா 300 எழுத்துகளில் கூடுதலாகச் சொல்லலாம். இடம் இவ்வளவுதான் என்பதால், ஒரு சொல்கூட அலங்காரத்துக்கு இருக்கக் கூடாது.

பலர் எழுதுவது இப்படி இருக்கும்: ‘குளச்சல் பகுதியில் பல மருத்துவ முகாம்களில் ஆர்வத்துடன் பங்கேற்று ஏழை மக்களுக்குச் சேவை செய்தேன். இது எனக்கு மனிதநேயத்தைக் கற்றுத் தந்தது.’ இதில் தகவல் என்று ஒன்றுமே இல்லை. நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். எத்தனை முகாம், எத்தனை மாதம், எத்தனை பேருக்கு விரல் நுனியில் இரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்த்தீர்கள், எத்தனை பேருக்கு அதுவரை தெரியாமல் இருந்தது, அவர்களை எங்கே அனுப்பினீர்கள், அனுப்பியவர்களில் எத்தனை பேர் உண்மையில் போனார்கள். போகாதவர்கள் ஏன் போகவில்லை என்று விசாரித்திருந்தால் அதுதான் தங்கம். அதிகாலையில் கடலுக்குப் போகிறவர் காலை ஒன்பது மணி ஓ.பி.க்கு வர முடியாது என்று கண்டுபிடித்து, மாலையில் முகாம் வைத்தீர்கள் என்றால், அந்த ஒரு வாக்கியம் பத்துச் சான்றிதழுக்குச் சமம். நோயாளி மருந்து வாங்காததற்குக் காரணம் தேடும் பழக்கம் உள்ள ரெசிடென்டைத்தான் எல்லாத் துறைகளும் தேடுகின்றன.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தோடு சேர்ந்து வேலை செய்திருந்தால், அரசு ஊழியர்கள் வீட்டுக்கே வந்து சர்க்கரை, இரத்த அழுத்த மருந்து தரும் மாநிலத் திட்டம் என்று அரை வரியில் விளக்குங்கள். பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத் தொழிலாளிக்குப் பாம்புக்கடிச் சிகிச்சை பார்த்திருந்தால் அதையும் எழுதலாம். ஒரு எச்சரிக்கை: ஹவுஸ் சர்ஜனாகச் செய்ததையும், பக்கத்தில் நின்று பார்த்ததையும் கலக்காதீர்கள். ‘உதவினேன்’ என்ற சொல்லுக்குள் இரண்டும் ஒளிந்துகொள்ளும், நேர்காணலில் வெளியே வந்துவிடும்.

பட்டம் வாங்கி இரண்டு வருடம் நீட் பி.ஜி.க்குப் படித்தேன், நினைத்த இடம் கிடைக்கவில்லை. இப்போது யு.எஸ்.எம்.எல்.இ. பக்கம் திரும்புகிறேன். எனக்குப் பதக்கம், பரிசு எதுவுமே இல்லை. வாய்ப்பு இருக்கிறதா?
– குளச்சல்

இருக்கிறது. 2023 முதல் 2025 வரை அமெரிக்கக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டுப் பட்டதாரிகளில், மேட்ச் வரை போனவர்களில் நூற்றுக்கு 58, 59 பேருக்கு இடம் கிடைத்திருக்கிறது. அமெரிக்க எம்.டி. மாணவர்களுக்கு அது 93-ஐ ஒட்டி வருகிறது. வித்தியாசம் பெரியதுதான். ஆனால் அந்த 58 பேரில் யாரும் இந்தியாவிலிருந்து ஏ.ஓ.ஏ. கொண்டு போகவில்லை.

பரிசு இல்லாத குறையை ஸ்டெப் 2 சி.கே.யால் ஈடுகட்டலாம். ஸ்டெப் 1-ல் எண் போய்விட்ட பிறகு, விண்ணப்பிக்கும் நேரத்தில் பெரும்பாலும் எண்ணாக வருவது அதுதான். அவசரப்பட்டுத் தேதி போட்டுத் தோற்றுவிடாதீர்கள். ஒரு ஸ்டெப்பை அதிகபட்சம் நான்கு தடவைதான் எழுதலாம் என்பது ஒருபுறம் இருக்க, ஒரு தோல்வி இருந்தாலே பல துறைகளின் சல்லடையில் விண்ணப்பம் நின்றுவிடும். ஒரே நிலைமையில் எடுத்த இரண்டு மூன்று மாதிரித் தேர்வுகளில் உங்களுக்கு வேண்டிய மதிப்பெண் வந்த பிறகு தேதி எடுங்கள்.

இரண்டு வருட இடைவெளியைப் பற்றிக் கூச்சம் வேண்டாம். பல துறைகள் பட்டம் வாங்கி மூன்று அல்லது ஐந்து வருடத்துக்குள் என்று கோடு போடும், நீங்கள் இன்னும் உள்ளே இருக்கிறீர்கள். ஆனால் இனி வரும் மாதங்கள் வெறுமையாக இருக்கக் கூடாது. படிப்போடு சேர்த்து ஒரு மருத்துவமனையில் டியூட்டி டாக்டராக வேலை பாருங்கள், பணிச் சான்று வாங்குங்கள்.

அமெரிக்க மருத்துவமனை அனுபவத்தில், நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் ‘எலெக்டிவ்’ பெரும்பாலும் படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களுக்குத்தான். பட்டம் வாங்கியவருக்கு அதிகமும் கிடைப்பது ‘அப்சர்வர்ஷிப்’, கைகட்டி நின்று பார்ப்பது. இரண்டுக்கும் எடை ஒன்றில்லை. (இதைப் படிக்கும் மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்கள் இந்த வரியைக் குறித்துக்கொள்ளவும்.) ஆனாலும் ஒரே இடத்தில் நான்கு வாரம் தவறாமல் போய், கேஸ் பேசி, அந்த மருத்துவரிடம் கடிதம் வாங்கினால் பலன் உண்டு. நான்கு இடங்களில் ஒவ்வொரு வாரம் நிற்பதில் யாருக்கும் உங்களைத் தெரியாது.

செலவுக் கணக்கையும் பாருங்கள். 2025 பருவத்தில் ஈராஸ் கட்டணம் முதல் 30 துறைகளுக்கு (ஒரு மருத்துவமனையின் துறை ஒன்று என்ற கணக்கில்) தலா 11 டாலர், அதற்கு மேல் தலா 30 டாலர். நூறு துறைகளுக்குப் போட்டால் 330-ம் 2,100-ம் சேர்த்து 2,430 டாலர். கண்ணை மூடிக்கொண்டு நூற்றைம்பது போடுவதைவிட, ஒவ்வொரு துறையின் இணையப் பக்கத்திலும் மூன்று விஷயம் பாருங்கள்: இப்போதுள்ள ரெசிடென்டுகளில் வெளிநாட்டில் படித்தவர்கள் எத்தனை பேர், எந்த விசா தருகிறார்கள், பட்டம் வாங்கிய ஆண்டுக்கு வரம்பு உண்டா. மூன்றில் ஒன்று ஒத்துவராவிட்டாலும் விட்டுவிடுங்கள். ‘சிக்னல்’ என்று ஒரு வசதியும் இருக்கிறது. உங்களுக்கு உண்மையில் விருப்பமான துறைகளுக்கு முன்கூட்டியே கைதூக்கிக் காட்டுவது. 2025 பருவத்தில் பொதுமருத்துவத்துக்கு 3 தங்கம், 12 வெள்ளி என 15 சிக்னல். அவற்றைப் பெரிய பெயர்களுக்கு வீசிவிடாமல், மேலே சொன்ன மூன்றும் ஒத்துவரும் இடங்களுக்கே கொடுங்கள்.

விண்ணப்பம் செப்டம்பர் தொடக்கத்தில் போடலாம், துறைகள் அந்த மாதக் கடைசியில் திறந்து பார்க்கும். திறக்கும் நாளில் உங்களுடையது முழுமையாக அங்கே இருக்க வேண்டும். சி.கே. முடிவு, ஆங்கிலத்துக்கான ஓ.ஈ.டி., கடிதங்கள் எல்லாம் அதற்குள்.

ஸ்கூலில் மாநில அளவில் வாங்கிய ரேங்க், என்.சி.சி. ‘சி’ சான்றிதழ் எல்லாம் எழுதலாமா?
– கருங்கல்

பள்ளி ரேங்க் வேண்டாம். என்.சி.சி.யில் தலைமைப் பொறுப்பு வகித்திருந்தால் பத்து அனுபவங்களில் ஒன்றாக எழுதலாம், சான்றிதழுக்காக மட்டும் வேண்டாம்.

என் கணவர் வரும் ஜூலை 1-ம் தேதி பென்சில்வேனியாவில் பொதுமருத்துவ ரெசிடென்டாகச் சேருகிறார். அங்கே போன பிறகாவது இந்த ஹானர் சொசைட்டியில் சேர வாய்ப்பு உண்டா? ரெசிடென்சிக்குப் பிறகு செய்யும் சிறப்புப் பயிற்சியான ஃபெலோஷிப்புக்கு உதவுமா?
– தக்கலை

வாழ்த்துகள் அம்மா. வாய்ப்பு உண்டு. ஏ.ஓ.ஏ. கிளைகள் மாணவர்களை மட்டுமல்லாமல் ரெசிடென்டுகளையும் ஆசிரியர்களையும் தேர்ந்தெடுக்கின்றன. எங்கே எம்.பி.பி.எஸ். படித்தார் என்பது அதற்குத் தடையில்லை. அவர் சேரும் மருத்துவமனை, கிளை உள்ள ஒரு மருத்துவக் கல்லூரியோடு இணைந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கோல்டு ஹியூமனிசம் சங்கமும் சில இடங்களில் ரெசிடென்டுகளை எடுக்கிறது.

இதற்கென்று தனியாக ஓட வேண்டியதில்லை. ரெசிடென்டுகளைத் தேர்ந்தெடுக்கும்போது பார்ப்பது, மாணவர்களுக்கு எவ்வளவு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார், வார்டில் எப்படி நடந்துகொண்டார் என்பது. இரவு டியூட்டியில் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் தப்பாகக் கேஸ் சொன்னால், சத்தம் போடாமல் பக்கத்தில் உட்கார வைத்துத் திருத்துகிறவரின் பெயரை மாணவர்களே எழுதிக் கொடுப்பார்கள். கிடைத்தால் ஃபெலோஷிப் விண்ணப்பத்தில் ஒரு வரியாகப் போடலாம். கார்டியாலஜி, காஸ்ட்ரோ போன்றவற்றுக்கு அதைவிட எடை உள்ளவை அந்தத் துறை ஆசிரியரோடு சேர்ந்து செய்த ஆய்வும் அவர் தரும் கடிதமும். பொதுமருத்துவம் மூன்று வருடம்தான் என்பதால், அந்த ஆசிரியரை முதல் வருடம் முடிவதற்குள் தேடிப் பிடிக்கச் சொல்லுங்கள். ஃபெலோஷிப் விண்ணப்பம் மூன்றாம் வருடம் தொடங்கும் ஜூலையிலேயே போய்விடும்.